பைப் லைன் அழுத்தச் சோதனை: வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த கையோடு பைப் வேலைக்கு வரும் பிள்ளைகள் நிறைய. செம்பனை ஆலை பராமரிப்புக்காக நிற்கும் நாள்களில் காண்ட்ராக்டருக்கு ஆள் தேவைப்படும், கட்டுமானத் தொழில் வாரியமான சி.ஐ.டி.பி.யின் கிரீன் கார்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடைசி நாளில் நடக்கும் டெஸ்ட்டை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. "பம்பு அடி, கேஜைப் பாரு" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். லைனைச் சோதிப்பது ஒரு வேலை, அதில் பூட்டிய வால்வைச் சோதிப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே தடவையில் முடிக்கப் பார்ப்பதிலிருந்துதான் பாதித் தொல்லைகள் பிறக்கின்றன.

தண்ணீர் ஏன், காற்று ஏன் கூடாது

கம்ப்ரசர் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். "காத்து அடிச்சுப் பாத்துடலாம்ணே" என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1000 லிட்டர் தண்ணீரை 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தினால் அது அரை லிட்டர்கூடச் சுருங்காது. சுருங்காததால் அதற்குள் சக்தி தேங்குவதில்லை. ஓரிடத்தில் பிளந்தால் கொஞ்சம் தண்ணீர் பீறிட்டு அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அப்படியல்ல. அதே கொள்ளளவில் அதே அழுத்தத்துக்கு அடைத்த காற்றில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிக சக்தி தேங்கியிருக்கும். விட்டால் வெடிதான். யு.பி.வி.சி. பைப்பில் காற்றழுத்தச் சோதனை செய்யவே கூடாது, ஏனென்றால் அது கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகச் சிதறும். தண்ணீர் புகவே கூடாத லைன்கள் சில உண்டு. அவற்றைக் காற்றிலோ நைட்ரஜனிலோ சோதிப்பது பொறியாளர் எழுத்தில் கொடுக்கும் தனித் திட்டத்தின்படி நடக்கும். அது புதியவர் கையிலெடுக்கும் வேலையில்லை.

பாய்லரும் ஸ்டெரிலைசரும் இந்தக் கட்டுரைக்குள் வராது. அவை தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் சான்றிதழுக்கு உட்பட்டவை, அவற்றைச் சோதிக்கும் முறையும் வேறு. அங்கே உங்கள் லைன் அவற்றின் இணைப்பு வாயான நாசிலுக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

எந்த அழுத்தத்துக்கு ஏற்றுவது

எண்ணை ஊகித்து வைக்காதீர்கள், வரைபடத்தோடு வரும் தாளில் இருக்கும். ஆலைக் குழாய்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் ஏ.எஸ்.எம்.இ. பி31.3 நெறிப்படி, தண்ணீர்ச் சோதனை அழுத்தம் வடிவமைப்பு அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தது 10 நிமிடம் நிறுத்திவைத்து ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்க்க வேண்டும். வேலையைக் கொடுத்தவர் இன்னும் அதிக நேரம் கேட்டால் அவர் சொன்னதுதான் கணக்கு.

தோட்டப்புறத்தில் இன்னொரு கணக்கும் சேரும்: மேடு பள்ளம். ஒரு மாதிரி வேலையை எடுத்துக்கொள்வோம். ஆற்றோரப் பம்பு வீட்டிலிருந்து குன்றின் மேலுள்ள தொட்டிக்கு 4 அங்குல இரும்பு பைப், 400 மீட்டர் நீளம், கீழுக்கும் மேலுக்கும் 25 மீட்டர் உயர வித்தியாசம். வடிவமைப்பு அழுத்தம் 8 பார், ஆகவே சோதனைக்கு 12 பார். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தும். பம்பு வீட்டில் நின்று கேஜை 12 பாருக்குக் கொண்டுவந்தால் மேலே உள்ள இணைப்புகளுக்கு ஒன்பதரைதான் போய்ச் சேரும். மேலே 12 வேண்டுமென்றால் கீழே 14.5 காட்ட வேண்டும். வால்வும், பைப் முனைகளை போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடான ஃபிளேஞ்சும் பி.என். 16 என்றால், அதாவது 16 பார் தாங்கும் ரகம் என்றால், இது சரி. உயர வித்தியாசம் 50 மீட்டராக இருந்தால் கீழே 17 ஆகிவிடும். அப்போது பொறியாளரைக் கேட்காமல் பம்பைத் தொடாதீர்கள். லைனை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்லக்கூடும்.

கேஜ் வாங்கும்போது சோதனை அழுத்தத்தைப்போல இரு மடங்கு வரை காட்டும் டயலைக் கேளுங்கள். 15 பார் சோதனைக்கு 100 பார் கேஜ் வைத்தால் முள் ஒரு கோடு இறங்கியதா இல்லையா என்பதே தெரியாது. அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். பம்புக்குப் பக்கத்தில் ஒன்று, லைனின் மறு கோடியில் ஒன்று என இரண்டு கேஜ் வேண்டும். பம்பில் மட்டும் இருந்தால், நடுவே ஒரு வால்வை மூடி மறந்திருப்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். பாதி லைனைச் சோதித்துவிட்டு முழு லைனுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

லைனைத் தயார் செய்தல்

முதல் வேலை கழுவுவது. பைப்புக்குள் வெல்டிங் கசடு, அரைத்த தூள், மண், சில சமயம் கையுறைகூட இருக்கும். எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை வேகமாக ஓடவிடுங்கள். இதைச் செய்யாமல் வால்வைத் திறந்து மூடினால், கதவு வந்து உட்காரும் சீட்டில் கசடு சிக்கிக் கோடு போட்டுவிடும். பட்டர்ஃபிளை வால்வின் ரப்பர் சீட்டும் பால் வால்வின் டெஃப்லான் வளையமும் ஒரே ஒரு வெல்டிங் துணுக்கில் கெட்டுப்போகும். புது வால்வு ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், லைனைக் கழுவினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது முனைகளை அடைப்பது. சோதனை எங்கே முடிகிறதோ அங்கே பிளைண்ட் ஃபிளேஞ்சோ (நடுவே துளையில்லாத மூடி) இரு ஃபிளேஞ்சுக்கு இடையில் செருகும் ஸ்பேடு தகடோ போடுங்கள். மூடிய வால்வை மூடியாக நம்பாதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் வால்வின் உடலை அதன் மதிப்பழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சோதிப்பார்கள், சீட்டை 1.1 மடங்குக்குத்தான் சோதிப்பார்கள். ஏ.பி.ஐ. 598 நெறி அப்படித்தான் சொல்கிறது. பி.என். 16 வால்வு திறந்திருந்தால் அதன் உடல் 24 பாரைப் பார்த்திருக்கிறது. மூடியிருந்தால் அதன் சீட்டு 17.6 பாரைத்தான் பார்த்திருக்கிறது. ஒன்றரை மடங்கு அழுத்தத்தை மூடிய வால்வின் ஒரு பக்கம் கொடுத்தால் தட்டு வளையலாம், சீட்டு நசுங்கலாம். அழுத்தம் சீட்டின் அளவுக்குள்ளேயே இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு: வால்வு உள்ளே கசிந்தால் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைனுக்குள் சோதனை அழுத்தம் போய்விடும். அங்கே வேலை செய்பவருக்கு அது தெரியாது.

பிளைண்ட் வாங்கும்போது துளைகள் பொருந்துமா என்று பாருங்கள். நம் ஆலைகளில் பி.என். 16, ஜே.ஐ.எஸ். 10கே, டேபிள் இ என்று எல்லா ஃபிளேஞ்சு ரகங்களும் கலந்து கிடக்கும். 4 அங்குலத்தில் பி.என். 16க்கு போல்ட் வட்டம் 180 மி.மீ., ஜே.ஐ.எஸ். 10கேக்கு 175 மி.மீ. இரண்டுக்கும் எட்டு துளைதான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். துளையை அரைத்துப் பெரிதாக்கிப் பொருத்துகிற பழக்கம் வேண்டாம். அந்த 4 அங்குல பிளைண்டை 12 பாரில் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். எட்டு போல்ட்டும் முழு நட்டோடு, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கியிருக்க வேண்டும். சோதனை நடக்கும்போது யாரும் பிளைண்டுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது.

போட்ட ஒவ்வொரு பிளைண்டுக்கும் எண் எழுதிய சிவப்புத் துணியோ டேக்கோ கட்டுங்கள், தாளில் பட்டியல் எழுதுங்கள். இதன் பயன் வேலை முடியும்போது தெரியும்.

ஒவ்வொரு வால்வும் எந்த நிலையில்

லைன் சோதனையின்போது எல்லா வால்வும் திறந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கேட் வால்வை முழுக்கத் திறந்தபின் கைச்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். பல கேட் வால்வுகளில் தண்டு முழு உயரம் போனதும் மேலே ஒரு பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது தண்டைச் சுற்றி ஒழுகலை அடைக்கும் கிளாண்டு பேக்கிங்குக்கு அழுத்தமே போகாது. கிளாண்டு ஒழுகுமா என்பது பிறகு லைன் ஓடும்போதுதான் தெரியவரும்.

பால் வால்வைப் பாதி திறந்து வையுங்கள். முழுக்கத் திறந்தாலும் மூடினாலும் உருண்டைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. பாதியில் நிறுத்தினால்தான் உடல் முழுவதும் அழுத்தம் ஏறும்.

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வில் அம்புக்குறியைப் பாருங்கள். தண்ணீரை அம்பு போகும் திசையில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் இறக்கும்போது கவனம் தேவை. பம்பு பக்கம் பூஜ்யம் காட்டும், செக் வால்வுக்கு அப்பால் முழு அழுத்தமும் சிறைப்பட்டிருக்கும். "பிரஷர் இல்லண்ணே" என்று ஒருவர் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினால் விபத்துதான். அப்பக்கத்துக்குத் தனி டிரெய்னும் (தண்ணீரை வடிக்கும் சிறு வால்வு) கேஜும் வையுங்கள், அல்லது சோதனை முடியும்வரை உள்ளிருக்கும் கதவை எடுத்துவிடுங்கள்.

சேஃப்டி வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் பிளைண்ட் போடுங்கள். அதன் ஸ்பிரிங்கை இறுக்கித் தப்பிக்கப் பார்க்கவே கூடாது. கண்ட்ரோல் வால்வு, தண்ணீர் மீட்டர், ரப்பர் பெல்லோ, ஆலையின் சிறிய கேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துண்டு பைப்போ பிளக்கோ போட வேண்டும். தானியங்கி ஏர் வால்வைத் தண்ணீர் நிரம்பியபின் அடைத்துவிடுங்கள்.

நீராவி லைனாக இருந்தால் தாங்கிகளையும் பாருங்கள். ஆவிக்குக் கட்டிய தாங்கி தண்ணீர்ச் சுமையை எதிர்பார்த்திருக்காது. 10 அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்கு 50 கிலோ தண்ணீர் நிற்கும். ஸ்பிரிங் தாங்கிகளைப் பூட்டு ஊசி செருகிப் பூட்டி, தேவையான இடத்தில் தற்காலிக முட்டு கொடுங்கள். மண்ணில் புதைக்கும் லைனில் வளைவுகளுக்குப் பின்னால் ஊற்றிய கான்கிரீட் முட்டு காய்ந்திருக்க வேண்டும். நேற்று ஊற்றியதற்கு இன்று அழுத்தம் கொடுத்தால் ரப்பர் வளைய இணைப்பு கழன்று வந்துவிடும். இணைப்புகளை மண் மூடாமல் வெளியே தெரிய விடுங்கள்.

தண்ணீர் நிரப்புதல்

தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். உயரமான ஒவ்வொரு இடத்திலும் காற்று வெளியேறும் சிறு வால்வு திறந்திருக்கட்டும். காற்று சீறும், பிறகு தண்ணீர் துப்பித் துப்பி வரும், கடைசியில் கயிறுபோல ஒரே சீராக ஊற்றும். அந்த நிலையில் ஓரிரு நிமிடம் விட்டுப் பிறகு மூடுங்கள். நடுவே ஒரு மேட்டில் காற்றுத் திறப்பு இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு ஒன்று போடச் சொல்லுங்கள். புதியவர் சொன்னாலும் இது கேட்க வேண்டிய பேச்சு.

காற்று உள்ளே இருக்கிறதா என்பதை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. பம்பு உறிஞ்சும் தண்ணீரை ஒரு வாளியில் அளந்து வையுங்கள். நம் மாதிரி லைனுக்குள் ஏறக்குறைய 3500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிரம்பிய அந்த லைனை 12 பாருக்கு ஏற்ற, தண்ணீர் சுருங்குவதற்கும் பைப் விரிவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று லிட்டர் போதும். பத்து லிட்டர் வாளி காலியாகியும் முள் அசைய மறுத்தால் உள்ளே காற்று சிறைப்பட்டிருக்கிறது, அல்லது எங்கோ பெரிதாக ஒழுகுகிறது. மேலே போய்க் காற்றை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஏற்றுவது, காத்திருப்பது

காலையில் வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. தண்ணீர் நிரம்பி அடைத்த இரும்பு பைப்பில் வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே அழுத்தம் நான்கு பார் அளவுக்கு ஏறக்கூடும். பதினொரு மணி வெயிலில் பம்பை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது சோதனை அழுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கும். பம்புக்கு அடுத்து ஒரு சிறிய ரிலீஃப் வால்வை, குறித்த அழுத்தத்துக்குச் சற்று மேலே திறக்கும்படி அமைத்து வைப்பது இதற்காகவும்தான். பேராக்கில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும். அப்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். மழை பைப்பில் விழுந்ததும் தண்ணீர் குளிர்ந்து முள் இறங்கும், ஒழுகல் என்று நினைத்து ஊரெல்லாம் தேடுவீர்கள். அதனால் ஒவ்வொரு முறை அழுத்தத்தை எழுதும்போதும் பைப்பின் மேற்பரப்பு வெப்பத்தையும் எழுதுங்கள்.

ஆள்களை விலக்கிக் கயிறு கட்டி, வேலை அனுமதித் தாளான பெர்மிட் கையில் இருக்கிறதா என்று பார்த்தபின் பம்பைத் தொடுங்கள். கை பம்பே போதும், அதில் நிதானம் இருக்கிறது. முதலில் 2 பாருக்கு ஏற்றி லைன் முழுதும் நடந்து பாருங்கள். முட்டாள்தனமான தவறுகள், அதாவது போடாத கேஸ்கெட், இறுக்காத பிளக் எல்லாம் இங்கேயே வெளியே வந்துவிடும். பிறகு பாதி அழுத்தம், பத்து நிமிடம். பிறகு இரண்டு மூன்று படியாக முழு அழுத்தம். ஒவ்வொரு படியிலும் முள் நிலைக்கும்வரை நிற்க வேண்டும். முழு அழுத்தத்தில் பம்புப் பக்க வால்வை அடைத்து, பிறகு பம்பைப் பிரித்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அந்த நேரத்தில் யாரும் பைப்புக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை. குறித்த நேரம் முடிந்தபின் வடிவமைப்பு அழுத்தத்துக்கு இறக்கி, அப்போதுதான் கிட்டப் போய் ஒவ்வொரு வெல்டையும், ஃபிளேஞ்சையும், வால்வின் மேல்மூடியான பானெட்டின் இணைப்பையும், கிளாண்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

பாலி பைப் மட்டும் வேறு ரகம். எச்.டி.பி.இ. அழுத்தத்தில் மெல்ல விரிந்துகொண்டே போகும், ஒழுகாமலே முள் இறங்கும். இரும்பு பைப்பின் கணக்கை அதற்குப் போடாதீர்கள். அதற்கென்று தனிச் சோதனை முறை இருக்கிறது, தாளைக் கேளுங்கள்.

முள் இறங்கினால்

"அண்ணே, முள்ளு இறங்குது" என்று குரல் வந்ததும் ஸ்பேனரோடு ஓடாதீர்கள். முதலில் வெப்பக் கணக்கைப் பாருங்கள். அடுத்து பம்பு இணைப்பையும் கேஜின் அடியையும் பாருங்கள், பெரும்பாலும் ஒழுகல் நாம் போட்ட தற்காலிக இணைப்பில்தான் இருக்கும். பிறகுதான் லைன். நம் மாதிரி லைனில் கால் லிட்டர் வெளியேறினாலே ஒரு பாருக்கு மேல் இறங்கிவிடும், ஆகவே ஒரு கிளாண்டின் சிறு கசிவுகூட முள்ளில் தெரியும்.

கண்டுபிடித்ததும் அழுத்தத்தை முழுக்க இறக்குங்கள். அழுத்தம் இருக்கும்போது ஃபிளேஞ்சு போல்ட்டை முறுக்கக் கூடாது, வெல்டைச் சுத்தியலால் தட்டக் கூடாது. கிளாண்டு கசிந்தால் இரு பக்க நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் தண்டு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். வெல்டில் ஊசித்துளை இருந்தால் அரைத்தெடுத்து மறுபடி வெல்ட் செய்து, முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இப்போது வால்வின் முறை

லைன் தேறியபின்தான் சீட்டுச் சோதனை. அழுத்தம் சீட்டின் அளவுக்குள் இருக்கட்டும். பொதுவாக லைனின் வடிவமைப்பு அழுத்தமே போதும். வால்வைச் சாதாரணமாகக் கையால் மூடுங்கள். கைச்சக்கரத்தில் இரும்புக் குழாயைச் செருகி முறுக்கி மூடியது தேறியதாகாது, நாளை ஷிப்டில் இருப்பவர் அப்படி மூட மாட்டார். ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து மறுபக்கத்தைக் காலி செய்து, அங்குள்ள டிரெய்னைத் திறந்து வைத்துப் பாருங்கள். முதலில் தேங்கிய தண்ணீர் வடியும். அது நிற்கும்வரை பொறுத்து, பிறகு நேரத்தைத் தொடங்க வேண்டும்.

கேட், பால் வால்வுகளை இரு பக்கமும் தனித்தனியே சோதிக்க வேண்டும். செக் வால்வுக்கு அம்புக்கு எதிர்த் திசையில் அழுத்தம். ரப்பர் அல்லது டெஃப்லான் சீட்டில் ஒரு சொட்டும் வரக் கூடாது. செக் வால்வு தவிர மற்றவற்றில் இரும்போடு இரும்பு உட்காரும் சீட்டுக்கு ஏ.பி.ஐ. 598 கொஞ்சம் இடம் கொடுக்கிறது: 2 அங்குலம் வரை ஒன்றுமில்லை, இரண்டரை முதல் 6 அங்குலம் வரை நிமிடத்துக்கு 12 சொட்டு. இது தொழிற்சாலை அளவுகோல். ஆலை அதைவிடக் கடுமையாகக் கேட்டால் அதைப் பின்பற்றுங்கள். கசிந்தால் உடனே கழற்றாதீர்கள். இரண்டு மூன்று தடவை திறந்து மூடித் தண்ணீர் ஓடவிட்டால் சிக்கிய துணுக்கு போய்விடுவதுண்டு. அதற்குப் பிறகும் கசிந்தால்தான் வால்வு கீழே இறங்க வேண்டும்.

காலி செய்தல்

மேலேயுள்ள காற்று வால்வை முதலில் திறந்து, பிறகு கீழே டிரெய்னைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, லைனோடு சேர்ந்த மெல்லிய தொட்டியை உள்ளிழுத்து நசுக்கிவிடும். தண்ணீரை எங்கே விடுவது என்று தோட்ட நிர்வாகத்திடம் முன்பே கேளுங்கள். நீராவி லைனில் தாழ்ந்த மூலைகளில் தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் ஆவி போகும்போது அதுதான் சம்மட்டியாக மாறிப் பைப்பை அடிக்கும்.

பட்டியலைக் கையில் எடுத்து பிளைண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணுங்கள். எட்டு போட்டிருந்தால் எட்டும் தரையில் கிடக்க வேண்டும். சேஃப்டி வால்வு தன் இடத்துக்குத் திரும்பியதா, செக் வால்வின் கதவு உள்ளே போனதா, மீட்டரின் அம்பு சரியான பக்கம் பார்க்கிறதா என்று இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள். கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் புது கேஸ்கெட் போட வேண்டும். அந்த இணைப்புகள் சோதனையில் இல்லாதவை என்பதால், லைன் முதலில் ஓடும்போது அவற்றின் அருகே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

தாளில் லைன் எண், சோதித்த பகுதி எங்கிருந்து எங்கு வரை, கேஜ்களின் எண்கள், அவை வைத்த இடம், தொடக்க நேரமும் முடிவு நேரமும், ஒவ்வொரு பத்து நிமிட அழுத்தமும் வெப்பமும், வால்வு வாரியாகச் சீட்டுச் சோதனை முடிவு, கழற்றிய பிளைண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். இடையில் ஒழுகி மறுபடி செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆலை ஆளும் காண்ட்ராக்டர் ஆளும் அந்த இடத்திலேயே, முள்ளைப் பார்த்துக்கொண்டே கையெழுத்திட வேண்டும். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து நிரப்புகிற தாளில் உங்கள் பெயர் போக விடாதீர்கள்.